மஃபாத்தில் காரை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வெளியே வந்த கதை

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்கு வேலைக்காகவோ திருமணமாகியோ வந்து சேரும் நம் புதுச்சேரி, காரைக்கால் மக்களிடம் முதல் ஆண்டிலேயே யாராவது, தீவின் மலைகளுக்கு நடுவே இருக்கும் மஃபாத் என்ற பள்ளத்தாக்கின் படத்தைக் காட்டிவிடுவார்கள். சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர்கள், நடுவே பச்சைத் திட்டுகளில் சிறு ஊர்கள், தகரக் கூரை வீடுகள், மேலே மேகம். உள்ளே சாலை கிடையாது. சில நூறு பேர் அங்கே குடும்பத்தோடு வாழ்கிறார்கள். அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகின்றன. மனிதர்கள் நடந்துதான் போக வேண்டும். படத்தைக் காட்டுபவர், "இரண்டு மணி நேர நடைதான், குழந்தைகள்கூடப் போகிறார்கள்" என்பார். அது பொய்யும் அல்ல. சலாசி என்ற ஊர்ப் பக்கத்துக் கணவாயிலிருந்து லா நூவேல் என்ற ஊருக்கு இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். வெளியே வருவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. நான் மஃபாத்திலிருந்து வெளியே வந்தபோது என் கார் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது, காலில் வீக்கம் இருந்தது, கைப்பையில் இருபது யூரோகூட இல்லை. எப்படி அப்படி ஆனது என்பதை வரிசையாகவே எழுதுகிறேன். அடுத்த விடுமுறைக்குக் கிளம்புகிற யாருக்காவது உதவும்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு விடுமுறை நாள் வார இறுதியோடு சேர்ந்து வந்தது. என்னோடு வருவதாக இருந்த காரைக்கால் அக்கா, சின்னவனுக்குக் காய்ச்சல் என்று முதல் நாள் இரவு பின்வாங்கிவிட்டார். விடுதிகளுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. தனியாகவே போவது என்று முடிவு செய்தேன். இதைப் படிக்கும்போதே "பெண் பிள்ளை தனியாக மலைக்குப் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்" என்று சொல்லப்போகிறவர்கள் இருக்கிறார்கள். நேரிலும் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பாதைகளில் தனியாக நடக்கும் பெண்களை வழியெல்லாம் பார்க்கலாம். இருவராகப் போயிருந்தாலும் மழை பெய்திருக்கும், ஆறு பெருகியிருக்கும், சாலை மூடியிருக்கும். அழுவதற்குப் பக்கத்தில் ஒருவர் இருந்திருப்பார், அவ்வளவுதான்.

வானிலையையும் பார்த்தேன். மே முதல் அக்டோபர் வரை இங்கே குளிரான, மழை குறைந்த காலம். மலை நடைக்கு ஏற்ற பருவம் என்று எல்லோரும் சொல்லும் காலம். முன்னறிவிப்பில் வெயில், பிற்பகலில் மேகம் என்று இருந்தது. ஆனால் இந்தத் தீவில் மழை எப்படிப் பெய்யும் என்பதை நம் ஊர்க் கணக்கில் யோசிக்கக் கூடாது. 2007ஆம் ஆண்டு கமேத் புயலின்போது இங்குள்ள கொமெர்சோன் எரிமலை வாய் அருகே மூன்றே நாட்களில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது, உலக சாதனை. புதுச்சேரியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது அதில் பாதிகூட இல்லை. அது புயல் காலம், உண்மைதான். ஆனாலும் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மூவாயிரம் மீட்டர் மலையில் மோதி மேலே ஏறும் இடத்தில், புயல் இல்லாத நாளிலும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் மாறிவிடும். நீங்கள் நிற்கும் இடத்துக்கான முன்னறிவிப்பை மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் எந்த உச்சியிலிருந்து வருகிறதோ அந்த உச்சிக்கும் பாருங்கள். மஃபாத்தின் நடுவே ஓடும் ரிவியேர் தே காலே ஆற்றுக்கு, தெற்குச் சுவரான தாயிபித் கணவாய்ப் பக்கமிருந்தும் 2,898 மீட்டர் உயரமான கிரான் பெனார் சரிவிலிருந்தும் தண்ணீர் இறங்குகிறது. இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

விடியும் முன் தீவின் தலைநகரான சேன் தெனியிலிருந்து கிளம்பினேன். சேன் ஆந்த்ரேயில் கோவில் கோபுரம் விளக்கொளியில் தெரிந்தது, காரிலிருந்தபடியே கும்பிட்டுக்கொண்டேன். அங்கிருந்து சலாசி, கிரான் இலே, லெ பெலியே; அதற்கு மேல் காட்டுச் சாலை. அந்தச் சாலையின் முடிவில், மஃபாத்துக்கு இறங்கும் கோல் தே பேஃப் கணவாய்க்குக் கீழே, காவலோடு கட்டண நிறுத்துமிடம் இருக்கிறது. விடுமுறை வார இறுதி என்பதால் அது நிரம்பிவிட்டது. சாலையோரம் வரிசையாகக் கார்கள் நின்றன. நானும் அந்த வரிசையின் வாலில் நிறுத்தினேன். பின்பக்கப் பெட்டியில் மாற்றுத் துணி வைத்த பை இருந்தது, திரும்பும்போது சாப்பிட எவர்சில்வர் அடுக்கில் புளிசாதம் இருந்தது. ஊர்க்காரர்கள் காரில் ஒரு துண்டுத் துணிகூட வைக்காமல், உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும்படி திரைகளை விலக்கிவிட்டு நிறுத்துகிறார்கள் என்பதைப் பின்னர் கவனித்தேன். சிலர் லெ பெலியேயிலேயே யார் வீட்டு முற்றத்திலாவது சில யூரோ கொடுத்து நிறுத்திவிட்டு அங்கிருந்து நடக்கவோ வேறு வண்டியில் ஏறவோ செய்கிறார்கள். இரவு தங்கும் பயணமென்றால் அதுவே மேல்.

முதல் நாள் நன்றாகவே போனது. கணவாயைத் தாண்டியதும் ஒரு சமவெளி வருகிறது. பாசி படர்ந்து, காற்றுக்கு வளைந்து, பாதி படுத்தே வளரும் மலை வேல மரங்கள், இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராதவை. பனிமூட்டத்தில் அந்த மரங்களுக்கு நடுவே மாடுகள் நின்றுகொண்டிருந்தன. லா நூவேலில் காபி குடித்தேன், கடையில் ரொட்டி வாங்கினேன். அங்கேயே ஒரு பாடம்: மஃபாத்துக்குள் பணம் எடுக்கும் இயந்திரம் கிடையாது. வங்கி அட்டையை ஏற்கும் இடங்கள் சில இருந்தாலும், சூரிய மின்சாரத்தையும் அலைவரிசையையும் நம்பி நடப்பவை அவை. விடுதிப் பாக்கி, சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு, அதற்கு மேல் ஓர் இரவுக்கான பணத்தையும் தாளாக வைத்திருங்கள். நான் கணக்குக்குச் சரியாக எடுத்துப் போனேன்; அந்தக் கூடுதல் இரவுதான் என்னை மாட்டிவைத்தது.

இன்னொன்றும் அன்றே தெரிந்துகொண்டேன். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறந்தபோது நான் சந்தோஷத்தில் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். பின்னால் வந்த முதியவர் ஒருவர் பதறிப்போய் என் கையைக் கீழே இறக்கச் சொன்னார். இரண்டு கைகளையும் மேலே உயர்த்திக் காட்டினால் "எனக்கு உதவி வேண்டும்" என்று பொருள். ஒரு கையை மேலேயும் மறு கையைக் கீழேயும் சாய்வாக நீட்டினால் "வேண்டாம்". விமானிகள் உலகெங்கும் இப்படித்தான் படிக்கிறார்கள். சரக்குக் கொண்டுபோகும் ஹெலிகாப்டர் நாள் முழுவதும் பறக்கும் இடத்தில் வேடிக்கைக்குக் கையை ஆட்டாதீர்கள்.

மஃபாத்துக்குள்ளேயே இருக்கும் மார்லா என்ற ஊரில் இரவு. 'ஜீத்' என்று சொல்லும் சிறு விடுதி, பலகைக் கட்டில்கள், ஏழு மணிக்கு எல்லோருக்கும் ஒரே மேசையில் சாப்பாடு. சோறு, பக்கத்து மலை ஊரான சிலாவோஸின் பருப்பு, கோழிக்கறி, முருங்கைக்கீரை, பச்சை மிளகாயும் தக்காளியும் சேர்த்த ருகாய். விடுதி நடத்திய அம்மா, "நீ மலபாரா?" என்று கேட்டார். இங்கே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களின் வம்சத்தினரை அப்படித்தான் அழைப்பார்கள். "இல்லை அம்மா, புதுச்சேரியிலிருந்து வந்தவள்" என்றேன். "எல்லாம் ஒன்றுதான், இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்" என்றார். மஃபாத் என்பதே அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடி இங்கே ஒளிந்திருந்த ஒரு தலைவனின் பெயர் என்று அன்று அவர்தான் சொன்னார். துரத்தி வருபவர்களால் எளிதில் நுழைய முடியாத இடம் என்பதால்தான் தப்பியவர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். நுழையக் கடினமான இடத்திலிருந்து வெளியேறுவதும் கடினம் என்று யோசிக்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. சாப்பாடு அவ்வளவு நன்றாக இருந்தது.

மறுநாள் திட்டம்: மார்லாவிலிருந்து ஆற்றோடு இறங்கி த்ருவா ரோஷ் அருவி, அங்கே ஆற்றைக் கடந்து ரோஷ் பிளாத் ஊரில் இரவு. த்ருவா ரோஷ் பார்க்க வேண்டிய இடம்தான். அகலமான பாறைத் தளத்தில் சாதுவாக ஓடிவரும் ஆறு, திடீரென்று ஒரு குறுகிய பாறைப் பிளவுக்குள் விழுந்து மறைகிறது. பாதை அந்தப் பிளவுக்குச் சற்று மேலே ஆற்றைக் கடக்கிறது. பாலம் கிடையாது, கல்லுக்குக் கல் தாவ வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் கணுக்காலைத்தான் தொட்டது. நாலைந்து பேர் எனக்கு முன்னால் கடந்து போனார்கள். நான் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போகலாம் என்று பாறையில் உட்கார்ந்தேன்.

அப்போது காலைக் கவனித்தேன். வலது காலணியின் அடிப்பாகம் முன்னால் பிரிந்து முதலை வாய் போலத் திறந்திருந்தது. பிரான்சில் நல்ல விலை கொடுத்து வாங்கிய மலைக் காலணி, அதிகம் நடக்காதது, அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தது. அங்கேதான் விஷயம். இந்தக் காலணிகளின் அடித்தளத்தில் இருக்கும் பாலியூரித்தேன் என்ற பொருள் காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதையும். போட்டு நடக்காமல் பூட்டி வைத்தாலும் சிதையும். சேன் தெனி மாதிரி புழுக்கமான கடற்கரை ஊரில் இன்னும் சீக்கிரம். மேலே தோல் பளபளவென்று இருக்கும், அடியில் பசையும் நுரையும் பொடியாகிப்போயிருக்கும். பழைய காலணியை எடுத்தால், கிளம்புவதற்கு முந்தைய வாரமே அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்குங்கள், அடிப்பாகத்தைக் கட்டை விரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டாலோ துகள் உதிர்ந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். பையில் இரண்டு மூன்று மீட்டர் கயிறும் அகலமான ஒட்டு நாடாவும் இருக்கட்டும். என்னிடம் கயிறு மட்டும் இருந்தது. மழைச் சட்டையைக் கட்டிவைத்திருந்த கயிற்றை அவிழ்த்துக் காலணியைச் சுற்றிக் கட்டினேன்.

கட்டி முடித்து நிமிர்ந்தபோது ஆற்றின் நிறம் மாறியிருந்தது. என் தலைக்கு மேல் ஒரு துளி மழை இல்லை. தெளிந்த தண்ணீர் தேநீர் நிறமாகி, பிறகு சேறாகி, குச்சிகளையும் இலைகளையும் சுமந்துகொண்டு வந்தது. சற்று முன் பிறர் கால் வைத்த கற்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மூழ்கின. மேலே கிரான் பெனார் பக்கம் கறுத்திருந்தது. எதிர்க்கரையில் இளைஞன் ஒருவன் நின்று, "வா, இப்போதே வந்துவிடு, கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று கத்தினான். ஒரு கணம் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ரோஷ் பிளாத் விடுதிக்குக் கட்டிய 50 யூரோ நினைவுக்கு வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பிறகு கயிறு கட்டிய காலணியைப் பார்த்தேன், பத்தடி தள்ளி ஆறு விழுந்து மறையும் பிளவைப் பார்த்தேன். கையை அசைத்து மறுத்துவிட்டேன். மஃபாத்தில் ஆறு கலங்கியது என்றால் அன்று ஆற்றோடு உங்களுக்கு வேலை இல்லை. கரையிலிருந்து மேலே ஏறி நின்றுவிட வேண்டும். முட்டிக்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீர் நல்ல நீச்சல்காரரையும் தள்ளிவிடும். நீச்சல் அங்கே எதற்கும் உதவாது, விழுந்தால் பாறைதான். மழை நின்ற சில மணி நேரத்தில் பெரும்பாலும் தண்ணீர் இறங்கிவிடும் என்று மார்லாக்காரர்கள் பிறகு சொன்னார்கள். காத்திருக்கவும் ஒரு சட்டை, கொஞ்சம் சாப்பாடு, பளபளக்கும் அவசரப் போர்வை ஒன்று வேண்டும். அந்தப் போர்வை சில யூரோதான், கைக்குட்டை அளவுக்கு மடியும்.

மழை எனக்கும் வந்து சேர்ந்தது. மார்லாவுக்குத் திரும்புவது என்று மேலே ஏறத் தொடங்கினேன். காலையில் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிய பாதை. பாதி வழியில் கயிறு அறுந்து, காலணியின் அடிப்பாகம் முழுவதும் கழன்று விழுந்தது. ஈரப் பாறையில் வழுக்கி வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது. சத்தம் கேட்டதாக நினைவு, அல்லது அப்படிக் கேட்டதாகப் பயம் சொன்னதோ என்னவோ. சேற்றில் உட்கார்ந்து அழுதேன். வலியைவிடக் கோபம்தான் அதிகம்: படம் காட்டியவர்கள்மேல், காய்ச்சல் வந்த குழந்தைமேல்கூட. பிறகு எழுந்து ஒரு மரக்கிளையை ஒடித்து ஊன்றிக்கொண்டேன்.

கைப்பேசியில் அலை இல்லை. 112ஐ அழைத்தேன், அது அருகில் கிடைக்கும் எந்த நிறுவனத்தின் அலைவரிசையிலும் போகக்கூடிய எண், உங்கள் நிறுவனத்தின் அலை இல்லாவிட்டாலும் முயன்று பார்க்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் எதுவும் எட்டவில்லை. இதைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்களுக்கு ஹெலிகாப்டர் மீட்பு என்றதும் ஆயிரக்கணக்கில் ரசீது வரும் என்ற பயம். இங்கே மலை மீட்பைச் செய்வது ஜாந்தார்ம் என்ற பிரான்சின் காவல் படையின் மலைப் பிரிவு. காப்பாற்றியதற்காக அவர்கள் காசு கேட்பதில்லை. பணத்துக்குப் பயந்து உடைந்த காலோடு நடக்காதீர்கள். ஆனால் மேகம் மூடியிருந்தால் ஹெலிகாப்டர் வர முடியாது, அப்போது அவர்களும் நடந்துதான் வர வேண்டும். எனவே கிளம்புமுன் வெளியே ஒருவரிடம் உங்கள் பாதையையும், எந்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் காரைக்கால் அக்காவிடம் "மஃபாத்துக்குப் போகிறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். மஃபாத் என்பது ஒரு முகவரியே அல்ல. ஒரு விசிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் அது மலைகளில் அபாய அழைப்பு. கத்திக்கொண்டே இருந்தால் தொண்டை சீக்கிரம் கட்டிவிடும், எனக்குக் கட்டிவிட்டது.

மே மாதத்தில் ஆறு மணிவாக்கில் இருட்டத் தொடங்கிவிடுகிறது. தலைவிளக்கு இருந்தது, நல்ல மின்கலத்தோடு. அதுதான் என்னைக் காப்பாற்றியது என்று சொல்வேன். ஒரு காலில் காலணி, மறு காலில் இரண்டு காலுறைகளுக்கு மேல் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பை. குளிர்ந்த ஈரத் துணியோடு நின்றால் பற்கள் கிட்டிக்கொள்ளும், நடந்தால் கால் வலிக்கும். நின்று நின்று, சில இடங்களில் உட்கார்ந்தபடியே பின்புறமாக ஏறி, எட்டு மணிக்கு மேல் மார்லாவின் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

விடுதி நிரம்பியிருந்தது. அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சமையலறைக்குப் பக்கத்து அறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒரு மெத்தையைப் போட்டார். சூடான சாறு கொடுத்தார், காலில் தைலம் தேய்த்துத் துணி சுற்றினார். பணம் போதாது என்றேன், பிறகு அனுப்பிவை என்றார். அனுப்பிவிட்டேன். அவருடைய மகனின் காலணி எனக்கு ஒரு விரல் பெரியது, காலுறையைத் திணித்துப் போட்டுக்கொண்டேன்.

காலையில்தான் அடுத்த இடி. கோல் தே பேஃபுக்கு ஏறும் காட்டுச் சாலையில் மண் சரிந்துவிட்டது, சாலை மூடல், திறக்கப் பல நாள் ஆகலாம் என்று செய்தி வந்தது. கார் அதற்கு மேலே இருக்கிறது. கணவாயைக் கடந்து போனாலும் அந்தக் காலோடு லெ பெலியே வரை சரிவுகளைத் தாண்டி நடக்க வேண்டும். அப்போதுதான் மஃபாத்தின் வரைபடத்தை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். கிழக்கே சலாசி பக்கம் கோல் தே பேஃப். தெற்கே சிலாவோஸ் பக்கம் தாயிபித் கணவாய். மேற்கே ரோஷ் பிளாத்திலிருந்து மைதோ சுவரின்மீது செங்குத்தான ஏற்றம். வடக்கே ஆற்றோடு இறங்கும் வழி, அதை அன்று நினைத்துப் பார்க்கவே முடியாது. ஒவ்வொரு வழியும் தீவின் வெவ்வேறு பக்கத்தில் கொண்டுபோய் விடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போவதென்றால் கடற்கரைச் சாலைக்கு இறங்கித் தீவைச் சுற்ற வேண்டும். திட்டமிடும்போதே இரண்டாவது வழி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்: அந்தப் பக்கம் இறங்கினால் எந்தப் பேருந்து, எங்கே படுக்கை, காரை யார் எடுத்து வருவார்கள். என் கருத்து, இரவு தங்கிப் போகிறவர்கள் காரையே எடுத்துப் போகாமல் இருப்பது நல்லது. ஒரு பக்கம் யாராவது இறக்கிவிட்டு, மறுபக்கம் பேருந்தில் வந்தால் எந்த வழி மூடினாலும் கவலை இல்லை.

தாயிபித்தைத் தேர்ந்தெடுத்தேன். கணவாயின் உயரம் 2,081 மீட்டர், மார்லாவிலிருந்து நானூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். பிறகு சிலாவோஸ் பக்கச் சாலை வரை எண்ணூறு மீட்டருக்கு மேல் இறக்கம். ஏற்றம் பரவாயில்லை. இறக்கத்தில் ஒவ்வொரு படியும் கணுக்காலில் குத்தியது. இங்குள்ள பாதைகள் பெரும்பாலும் படிகள்தான், கல்லும் மரக்கட்டையுமாக, மனிதக் காலுக்குப் பொருந்தாத உயரத்தில். முழங்கால் பலம் இல்லாதவர்கள் இரண்டு ஊன்றுகோல் இல்லாமல் போகாதீர்கள். எனக்கு அந்த அம்மா கொடுத்த விளக்குமாற்றுக் கழி. வழியில் மூலிகைக் கஷாயம் விற்கும் ஓர் இடம் உண்டு. ஏறுகிறவர்களுக்கு ஒரு கஷாயம், இறங்குகிறவர்களுக்கு இன்னொன்று. நான் இறங்குகிறவர்களுடையதைக் குடித்தேன். வலி குறையவில்லை, ஆனால் கால் மணி நேரம் உட்கார ஒரு காரணம் கிடைத்தது. மற்றவர்களுக்கு மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும் வழி; எனக்குப் பகல் முழுவதும் ஆனது.

சாலையில் நின்ற ஒரு தம்பதி சிலாவோஸ் வரை ஏற்றிக்கொண்டார்கள். அன்றைய கடைசிப் பேருந்து போய்விட்டது. ஓர் அறைக்கு 75 யூரோ. அதைக் கொடுக்கப் பணம் எடுக்கும் இயந்திரம் அங்கே இருந்தது, அதன் முன்னால் நின்று சிரித்தேன். சுடுதண்ணீரில் குளித்துவிட்டு, புதுச்சேரியில் இருக்கும் என் சொந்த அக்காவிடம் பேசினேன். "ஏனடி, அந்தத் தீவில் கடற்கரையே இல்லையா? மலைக்குள்தான் போய் விழ வேண்டுமா?" என்று திட்டிவிட்டு, அவளே அழ ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் சேன் லூயிக்கு இறங்கும் சாலை: நானூறு வளைவுகள் என்று பெயர் பெற்றது, அதுவும் மழைக்குப் பின் கல் விழுந்து மூடும் சாலைதான். அன்று திறந்திருந்தது. சேன் லூயியிலிருந்து இன்னொரு பேருந்தில் சேன் தெனி.

கணுக்காலில் முறிவு இல்லை, தசைநார் கிழிசல். மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுத்தார். பிரான்சின் சமூகக் காப்பீடு தனியார் வேலைக்காரர்களுக்கு நோய் விடுப்பின் முதல் 3 நாட்களுக்குப் பணம் தராது. சில முதலாளிகள் அதை ஈடுகட்டுவார்கள், என்னுடையவர் ஈடுகட்டவில்லை. காட்டுச் சாலை திறந்த பிறகு காரைக்கால் அக்காவும் அவர் கணவரும் என்னைக் காரெடுக்க அழைத்துப் போனார்கள். பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்து கிடந்தது. துணிப்பையும் எவர்சில்வர் அடுக்கும் போயிருந்தன. அந்தப் புளிசாதம் அதற்குள் என்ன நிலையில் இருந்திருக்கும் என்று நினைத்தபோது திருடியவர்மேல் கொஞ்சம் பரிதாபமே வந்தது. காப்பீடு கண்ணாடிக்குக் கொடுத்தது, ஆனால் முதல் 90 யூரோ என் கையிலிருந்து. அதற்கும் காவல் நிலையத்தில் புகார் எழுதிய தாள் வேண்டும் என்றார்கள், அதை உடனே வாங்கிவிடுங்கள், தள்ளிப்போட்டால் காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்பார். தங்காத விடுதி, தங்கிய அறை, புதுக் காலணி, கண்ணாடி, திருட்டு, சம்பளப் பிடிப்பு எல்லாம் சேர்த்து 700 யூரோவுக்குப் பக்கத்தில் வந்தது.

விடுதிகளைப் பற்றி ஒன்று: முன்பதிவு செய்யும்போதே, பாதையை அரசு மூடினாலோ ஆறு பெருகினாலோ முன்பணம் திரும்புமா, வேறு தேதிக்கு மாற்றலாமா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டவர்களுக்குப் பலர் மாற்றிக் கொடுக்கிறார்கள். வராமல் போவதென்றால் எப்படியாவது செய்தி சொல்லுங்கள். மஃபாத்தில் பதிவு செய்தவர் வந்து சேரவில்லை என்றால் விடுதிக்காரர்கள் வழியில் விழுந்துவிட்டாரோ என்று கவலைப்படுகிறார்கள். ரோஷ் பிளாத்துக்காரர் அன்று இரவு எதிர்க்கரை இளைஞனிடம் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். பாதைகள் திறந்திருக்கின்றனவா என்பதை வனத்துறை தன் இணையதளத்தில் அறிவிக்கிறது. கிளம்பும் காலையில் ஒருமுறை, விடுதியில் ஒருமுறை பாருங்கள். மூடிய பாதையில் பலகையைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்து நீங்களும் போகாதீர்கள், சரிந்த மண் அடுத்த மழைக்கு மறுபடி சரியும். ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். எலிக்காய்ச்சல் இந்தத் தீவில் உண்டு, கொதிக்க வைக்கவோ மாத்திரை போடவோ வேண்டும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றுத் தண்ணீரில் இறங்குவதும் அதே ஆபத்துதான்.

காரைக்கால் அக்காவின் மகனுக்குக் காய்ச்சல் எப்போதோ சரியாகிவிட்டது. ஆகஸ்டில் போகலாம் என்று அவரே ஆரம்பித்திருக்கிறார். இந்த முறை சிலாவோஸ் பக்கமிருந்து ஏறி, மார்லாவில் இரண்டு இரவு தங்கி, அதே வழியில் திரும்புவதாகப் பேச்சு. பேருந்து நேரத்தை நான் எழுதி வைத்துவிட்டேன். விடுமுறை நாட்களில் நேரம் வேறு, அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மார்லா அம்மாவின் மகனுக்குக் காலணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கூட ஒரு கிலோ முறுக்கும் கேட்டிருக்கிறார்.